புதுப்பிப்பு: பழைய டிராவல் டிரெய்லருக்கு பிரேக் பாகங்கள் கிடைத்துவிட்டன

அமெரிக்காவின் ஒஹாயோவில் வாங்கிய எங்கள் 1980களின் டிரெய்லருக்கு (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) மின்காந்த பிரேக் பாகங்கள் எங்கும் கிடைக்கவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். டிரெய்லரின் பெயரையும் ஆண்டையும் சொல்லித் தேடியதுதான் என் பிழை. அளந்து பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றி அளந்தபோது அதன் உள்விட்டம் 10 அங்குலம், டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் ஷூவின் அகலம் 2¼ அங்குலம் என்று தெரிந்தது. 3,500 பவுண்டு எடை தாங்கும் அச்சுகளுக்கு இன்றும் வழக்கத்தில் உள்ள அளவு அதுவே. பிரேக்கை இயக்கும் மின்காந்தத்தின் முகம் ஒருபக்கமாகத் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்புக் கம்பிச்சுருள் பளபளவென்று வெளியே தெரிந்தது. ஆகவே உதிரியாக வாங்காமல், ஷூக்களும் காந்தமும் பொருத்தப்பட்ட பின்தட்டோடு கூடிய முழுத் தொகுதியையே வாங்கி, பழைய நான்கு போல்ட் துளைகளிலேயே பொருத்திவிட்டேன். இடப்பக்கத் தொகுதியும் வலப்பக்கத் தொகுதியும் வேறு வேறு என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். குட்டையான லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) உள்ள ஷூ வண்டியின் முன்பக்கத்தை நோக்கியே இருக்க வேண்டும்.