இரு கரைப் பிள்ளைகளின் கடற்புல் கணக்கு ஒத்துப்போகவில்லை, உதவி தேவை

வணக்கம். மண்டபம் பக்கம் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குக் கடற்கரைக் கண்காணிப்புப் பயிற்சி நடத்துகிறோம். இலங்கைப் பக்கம் தலைமன்னாரில் இதே வயதுக் குழு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கி.மீ.தான், ஆனால் நேரில் சந்திக்க வழியில்லை. எல்லாம் காணொளி அழைப்பில்.

இரண்டு பக்கமும் ஒரே முறை: 50 மீட்டர் கயிறு, 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டம், உள்ளே கடலடியில் எத்தனை சதவீதம் கடற்புல் என்று கண்ணால் மதிப்பிடுவது. சிக்கல் இந்த மதிப்பீட்டில்தான். ஒரே படத்துக்கு இங்கே 30 என்கிறார்கள், அங்கே 60. இலை நீளமான இனம் வந்துவிட்டால் இன்னும் மோசம்.

மாதிரிப் படங்களை அச்சிட்டுக் கொடுத்தோம். பலனில்லை, படங்கள் வேறு நாட்டுப் புல்வெளிகள். சட்டத்தைக் கயிற்றால் 25 கட்டங்களாகப் பிரித்தபோது நிலைமை கொஞ்சம் தேறியது. ஆனால் வடகிழக்குப் பருவத்தில் பாக் விரிகுடா கலங்கிவிடும், கட்டமே தெரியாது. பெரியவர்கள் திருத்திவிடலாம்தான். அப்புறம் பிள்ளைகள் எதற்கு? ஆவுளியா (கடற்பசு) மேயும் இடமான இந்தப் புல்வெளிகளைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் அவர்களே பேச வேண்டும் என்பதற்காகத்தானே இதெல்லாம்.

பாக் விரிகுடா அல்லது மன்னார் வளைகுடாப் புல்வெளிகளில் எடுத்த, சதவீதம் குறித்த படத்தொகுப்பு யாரிடமாவது இருக்கிறதா?