அலுவலகத் தகவல்களுக்கு வாட்ஸ்அப் குழு போதுமா?

கேள்வி:
வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் பணிபுரிகிறேன். ஆர்டர் மாற்றம், இயந்திரப் பழுது, விடுப்புத் தகவல், பிறந்தநாள் வாழ்த்து என எல்லாமே ஒரே வாட்ஸ்அப் குழுவில் வருவதால், பகலில் அனுப்பிய வரைபடத் திருத்தம் இரவு ஷிப்டுக்கு வருபவரின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அலுவலக உரையாடல் செயலிகளான ஸ்லாக், டீம்ஸ், ஸோஹோ கிளிக் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீருமா? அனுபவமுள்ளவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1:
எந்தத் தகவல் எங்கே பதிவாக வேண்டும் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பெருமளவு தீரும். நீங்கள் குறிப்பிட்ட மூன்றிலுமே ஆர்டருக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சேனல்கள் (பொருள்வாரியான உரையாடல் பகுதிகள்) வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்பவரும் பொதுச் சேனலின் பழைய உரையாடலைத் தேடிப் படிக்கலாம். ஆனால் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடந்த 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடியும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் படமெடுத்து அரட்டையில் பகிரும் வழக்கத்தை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். பழைய படம் எவரேனும் ஒருவரின் கைபேசியில் தங்கியிருந்து, அந்த அளவுக்கே பாகம் கடையப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. திருத்த எண்ணுடன் வரைபடம் ஒரே இடத்தில் இருக்கட்டும். மாற்றம் வந்துள்ளது என்பதையும் அதன் இணைப்பையும் மட்டும் செய்தியாக அனுப்புங்கள்.

பதில் 2:
ஷிப்ட் ஒப்படைப்புக்குக் குறும்பதிவு முறை, அதாவது வேலை நிலையைச் சில வரிகளில் எழுதி எல்லோருக்கும் பகிர்வது, மிகவும் ஏற்றது. நிறுவன ஊழியர்களுக்கான சமூக வலைத்தளமாக 2008இல் தொடங்கிய யாமர், ‘இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியைத்தான் ஊழியர்கள் முன் வைத்தது; 2012இல் மைக்ரோசாஃப்ட் அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. எந்த இயந்திரம் நிற்கிறது, எந்த ஆர்டர் பாதியில் இருக்கிறது என்று ஷிப்ட் முடிப்பவர் நான்கு வரி எழுதினால், அடுத்து வருபவர் எவரையும் தொலைபேசியில் எழுப்ப வேண்டியதில்லை. இயந்திரத்தில் நிற்பவர்கள் பலருக்கு நிறுவன மின்னஞ்சல் இருக்காது என்பதால், அவர்கள் உள்நுழையும் வழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

பதில் 3:
நிறுவனப் பதிவுகள் தனிப்பட்ட கைபேசிகளில் கிடப்பதைச் சிறிய விஷயமாகக் கருத வேண்டாம். ஊழியர்களின் வாட்ஸ்அப், குறுஞ்செய்தி உரையாடல்களைப் பாதுகாத்து வைக்கத் தவறியதற்காக, 2021 டிசம்பரில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் ஜேபி மோர்கன் நிதி நிறுவனத்தின் மீது மொத்தம் 20 கோடி டாலர் அபராதம் விதித்தன. நிதித்துறைக்குரிய அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆயினும் வாடிக்கையாளருடன் தகராறு எழும் நாளில், திருத்தத்தை ஒப்புக்கொண்ட செய்தி வேலையை விட்டுச் சென்றவரின் கைபேசியில் இருந்தால் அதை எப்படிக் காட்டுவீர்கள்?

பணி நேரம் முடிந்தபின் வரும் செய்திக்கு மறுநாள் பதிலளித்தால் போதும் என்பதையும் நிர்வாகம் எழுத்தில் தரட்டும். அவசரப் பழுதுக்குத் தொலைபேசி அழைப்பே சரி.