தும்புச்சோறு: மூன்று தரம் கழுவினால் போதுமாம்!

குளக்கட்டு:
"மண்ணிலிருந்து தும்புச்சோற்றுக்கு மாறுவது எப்படி" என்று முறிகண்டியான் நேற்று ஒரு பாடமே நடத்தியிருந்தார். மண்ணுக்குப் பதிலாகச் செடி வைக்கிற தேங்காய் மட்டைத் தூளைத்தான் தும்புச்சோறு என்கிறோம். பசுமைக்குடிலில் மூன்று போகம் கறிமிளகாய் வாடி விழுந்த பிறகு மண்ணைக் கைவிட்டாராம். சரி, வாடல் பக்றீரியா குடியேறிய மண்ணில் திரும்பத் திரும்ப அதே பயிரை வைத்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் கழுவினால் போதும், கல்சியம் நைத்திரேற்றில் ஊறவைக்கச் சொல்வதெல்லாம் உரக்கடைக் கதை." அதை வாசித்த பிறகு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. தும்புச்சோறு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தன்னோடு ஒட்டி வைத்திருக்கும் சாமான். வெறும் தண்ணீர் கரைந்து நிற்கிற உப்பை மட்டும்தான் கொண்டுபோகும். ஒட்டியிருப்பதை இறக்க வேண்டுமென்றால் கல்சியம் போய் அந்த இடத்தில் உட்கார வேண்டும். நீங்கள் முதலே கொடுக்காவிட்டால், செடிக்கு ஊற்றும் கரைசலில் இருக்கிற கல்சியத்தைத் தும்பு பறித்துக்கொள்ளும். பிறகு காயின் அடி கறுத்து அழுகும்போது "விதை சரியில்லை" என்று இன்னொரு பாடம் எழுதுவார்.

முறிகண்டியான்:
ஐயா வந்துவிட்டார். போன வருடம் மண்புழு உரத்துக்கும் இப்படித்தான் வந்தார். நான் 5 கிலோக் கட்டிகள் இருபதைக் கரைத்து, மூன்று தரம் கழுவி, மூன்றாம் தண்ணீரை மீற்றரில் பார்த்தேன். ஈசி (கரைந்த உப்பின் அளவு) 0.4. மீற்றர் பொய் சொல்லுமா?

குளக்கட்டு:
மீற்றர் பொய் சொல்லாது. அதனிடம் நீங்கள் கேட்ட கேள்விதான் பிழை. தண்ணீரில் கரைந்திருப்பதைத்தான் ஈசி காட்டும். தும்பு இறுக்கிப் பிடித்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? மீற்றர் என்றதும் ஞாபகம் வருகிறது. என்னிடம் இரவல் வாங்கிய பிஎச் மீற்றரை நுனி காயக் காயத் திருப்பித் தந்தது யார்? அதை ஈரத்தில் வைக்க வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னேன்? மூன்று தரம்.

பனங்காய்ப்பணியாரம்:
மூன்று தரம் சொன்னால் போதாது ஐயா, கல்சியத்தில் ஊறவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

விதைநெல்:
கிளிநொச்சிச் செம்மண்ணை வைத்துக்கொண்டு குருநாகல் பக்கத்திலிருந்து லொறியில் தும்பு இறக்குகிறீர்களே, வெட்கமில்லையா? ஆடி ஆவணி வெயிலில் மண்ணை நன்றாக நனைத்து, தெளிவான பொலித்தீனால் ஆறு கிழமை இறுக்கிப் போர்த்துவிட்டால் பாதிக் கிருமி அவிந்துவிடும். நான் கத்தரியைச் சுண்டங்காய்க் கன்றில் ஒட்டி நடுகிறேன், வாடல் எட்டியும் பார்ப்பதில்லை.

முறிகண்டியான்:
அக்கா, நான் வைப்பது கறிமிளகாய். அது சுண்டங்காயில் ஒட்டாது.

விதைநெல்:
அப்போ கத்தரி வையுங்கள்.

ஒன்ராறியோத்தம்பி:
வணக்கம் உறவுகளே. இங்கே அனுமதி பெற்ற கஞ்சாப் பசுமைக்குடில் ஒன்றில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன் (2018 ஒக்ரோபரிலிருந்து கனடாவில் சட்டப்படியானது, யாரும் பதற வேண்டாம்). நாங்களும் மண்கலவையிலிருந்து தும்புக்கு மாறினோம். முதல் தொகுதி வெறுமனே கழுவியது. மூன்றாம் கிழமையே புது இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள். அடுத்த தொகுதியைக் கல்சியத்தில் ஊறவைத்தோம், பிரச்சினை இல்லை. இன்னொன்று, மண்ணில் செய்வது போல ஒரு நாள் உரம் ஒரு நாள் பச்சைத்தண்ணீர் என்று ஓட்டக்கூடாது. தும்பில் தனக்கென்று சாப்பாடு இல்லை, ஒவ்வொரு தண்ணீரிலும் உரம் போக வேண்டும்.

முறிகண்டியான்:
கஞ்சாக்காரர் வந்து எங்களுக்குக் கறிமிளகாய் படிப்பிக்கிற காலம் வந்துவிட்டது. தம்பி, இங்கே அந்தச் செடி ஒன்று நின்றாலே பொலிஸ் வரும். உங்கள் கதையை நம்பித் தும்புப் பையையெல்லாம் கிண்டப்போகிறார்கள்.

ஒன்ராறியோத்தம்பி:
அண்ணை, எந்தச் செடி என்பது தும்புக்குத் தெரியாது.

குளக்கட்டு:
நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. தொழில் என்ன என்பது வேறு விசயம், உங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாது.

ஒன்ராறியோத்தம்பி:
அம்மாவுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் மாங்குளத்தில் குழாய்க்கிணறு அடித்தோம். நான் உங்கள் பக்கம் கதைக்க வந்தேன் ஐயா, எனக்கே குத்துகிறீர்கள்.

முறிகண்டியான்:
சரி, எல்லாரும் கேளுங்கள். 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்களே, அந்த வருடம் கல்சியம் நைத்திரேற்று எந்தக் கடையில் இருந்தது? நான் மூன்று தரம் கழுவித்தான் வைத்தேன். காய் வந்தது. சந்தையில் விற்றேன்.

குளக்கட்டு:
கேட்டீர்களா! முதலாவது, அந்த வருடம் ஊறவைக்க உரம் இல்லை என்றால், ஒவ்வொரு நாளும் சொட்டுநீரில் விட்ட அல்பேட் உரக் கரைசல் மட்டும் எங்கிருந்து வந்தது? பழைய இருப்பு என்றால், அந்த இருப்பில் கல்சியம் இருந்தது, அதைத் தும்பு குடித்தது, மிச்சத்தில் உங்களுக்குக் காய் வந்தது. இரண்டாவது, எத்தனை காய் அடி கறுத்தது? அதைச் சொல்ல மாட்டீர்கள். நான் அந்தப் பக்கம் போனபோது ஆட்டுக்கு ஒரு கடகம் நிறையக் கொட்டியிருந்ததைக் கண்டேன்.

முறிகண்டியான்:
ஆட்டுக்குக் கொட்டினது புழு விழுந்த காய். கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். என் கிணற்றுத் தண்ணீர் சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர், கேத்தலில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும். அந்தப் பொருக்கே கல்சியம்தான். ஆகவே நான் கழுவும்போதே ஊறவைத்ததும் ஆயிற்று. இதை ஐயா யோசிக்கவில்லை.

பனங்காய்ப்பணியாரம்:
ஓகோ. இது கொஞ்சம் சூடான கேள்வி.

குளக்கட்டு:
யோசிக்காமல் என்ன? கணக்குக் கேளுங்கள். நான் ஒரு லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் நைத்திரேற்றுப் போட்டு இரவு முழுக்க ஊறவைக்கிறேன். அந்த உரத்தில் 19 சதவீதம் கல்சியம். ஆக ஒரு லீற்றரில் 380 மில்லிகிராம். உங்கள் கிணறு நல்ல கடினமான தண்ணீர் என்றே வைப்போம், 100 மில்லிகிராம் என்று தாராளமாகத் தருகிறேன். நான்கில் ஒரு பங்குதான் வருகிறது. அதுவும் நீங்கள் ஊறவிடுவதில்லை, குழாயைத் திறந்து அலசிவிட்டுப் போகிறீர்கள். அந்தத் தண்ணீரில் பைகாபனேற்றும் சேர்ந்து வரும், பிஎச் மேலே ஏறும், தும்புக்கு ஐந்தரை ஆறரைக்குள் நிற்க வேண்டும். ஆனால் அதை எதால் அளப்பீர்கள்? என் மீற்றர்தான் காய்ந்துபோயிற்றே.

முறிகண்டியான்:
நான்கில் ஒரு பங்கு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்போ நான்கு தரம் கழுவினால் கணக்குச் சரி.

குளக்கட்டு:
நேற்று மூன்று என்றீர்கள்!

முறிகண்டியான்:
மூன்று போதும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். நான்காவது உங்களுடைய மனத்திருப்திக்கு.

ஒன்ராறியோத்தம்பி:
அண்ணை, கழுவுகிற தண்ணீரை ஒரு பக்கம் கூட்டி இப்படிக் கணக்குப் போட முடியாது, செறிவு வேறு...

முறிகண்டியான்:
தம்பி, நீங்கள் உங்களுடைய நான்கு செடியைப் பாருங்கள். ஒன்ராறியோவில் வீட்டில் அவ்வளவுதானே விடுவார்கள்?

குளக்கட்டு:
இனி நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும். பொதிக்குள் எந்த ஊர்த் தும்பு என்று பார்த்தீர்களா? உப்பு நீரில் மட்டை ஊறப்போட்ட இடத்துத் தும்பென்றால் சோடியம் இன்னும் கூட. அதற்கு மூன்று தரமும் காணாது, முப்பது தரமும் காணாது. கல்சியம், கல்சியம், கல்சியம். மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

பனங்காய்ப்பணியாரம்:
"இனி எழுதப்போவதில்லை" என்று ஐயா சொல்வது இது எத்தனையாவது தரம்?

குளக்கட்டு:
உமக்குக் குடிலும் இல்லை, செடியும் இல்லை. பணியாரத்தைத் தின்றுவிட்டுப் படும்.

விதைநெல்:
முறிகண்டியான் தம்பி, குடிலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்த வாடல் மண்ணை எங்கே கொட்டினீர்கள்? வாய்க்கால் கரையில் ஒரு குவியல் கிடக்கிறது. அந்த வாய்க்கால் தண்ணீர் நேரே என் கத்தரித் தோட்டத்துக்குத்தான் வருகிறது.

முறிகண்டியான்:
அது என்னுடைய மண் இல்லை அக்கா.

குளக்கட்டு:
செம்மண் குவியல்தானே? மேலே கறுப்பு வளர்ப்புப் பைகளும் கிடக்கிறதே? அதையும் நான் கண்டேன்.