போலோ ஜிடி-யை விட்டு ஐந்து பேருக்கான காருக்கு மாற வேண்டும். ஓட்டும் ருசி போகாமல் எதை எடுக்கலாம்?

கல்லாறு தாண்டி (கோவை):

வணக்கம். கையில் இருப்பது 2016 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ் (குதிரைத்திறன்), டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர். கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வந்ததும் கியரை ஸ்போர்ட் மோடான எஸ்-க்குத் தள்ளிவிட்டுக் குன்னூர் வரைக்கும் ஏறுவதில் இருக்கும் சந்தோஷத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நிலைமை இது. மகளுக்கு 4 வயது. மனைவிக்கு ஐந்தாம் மாதம். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், இரண்டு முழங்காலிலும் வலி. போன மாதம் குன்னூர் போனபோதே மகளின் சைல்டு சீட், பக்கத்தில் அம்மா, டிக்கியில் ஒரு பெட்டி, அதோடு வண்டி நிறைந்துவிட்டது. தள்ளுவண்டியை அம்மாவின் காலடியில் வைத்தோம். திட்டு வாங்கினேன்.

ஆன்ரோடு 22 லட்சம் வரை இழுக்கலாம். பெட்ரோல்தான். அபார்ட்மென்ட்டில் ஒரே ஒரு பார்க்கிங், அதுவும் தூணுக்குப் பக்கத்தில். என் மனசில் இருப்பது ஃபோக்ஸ்வேகனின் செடான், வர்ட்டஸ் 1.5. மனைவி "பெரிய வண்டியா பாருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அப்பா ஆகிவிட்டால் இன்னோவாதான் என்று சொல்ல வருபவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

வளைவு ராஜா:

வர்ட்டஸ் 1.5-ஐ எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் இழுவை. டிக்கி 521 லிட்டர், தள்ளுவண்டியும் இரண்டு பெட்டியும் தாராளமாக உள்ளே போகும். 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம். நிதானமாக ஓட்டும்போது நான்கில் இரண்டு சிலிண்டர் தானாக ஓய்வெடுக்கும், ஹைவேயில் மைலேஜும் மோசமில்லை. போலோ ஓட்டியவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டதுமே சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஸ்கோடா ஸ்லாவியாவும் அதே இன்ஜின், அதே டிக்கி. முகம்தான் வேறு.

ரெண்டு வாண்டு அப்பா (திருப்பூர்):

ராஜா சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவர் டிக்கியோடு நிறுத்திவிட்டார். உங்கள் சிக்கல் அங்கே இல்லை அண்ணா, பின் சீட்டில் இருக்கிறது.

பிறக்கப் போகும் குழந்தைக்கு வேண்டியது பின்பக்கம் பார்த்து மாட்டுகிற சீட். அது சாய்வாக உட்காரும், அதனால் முன் சீட்டை முன்னால் தள்ளச் சொல்லும். அதை, இனி முன் சீட்டில் உட்காரப்போகும் அம்மாவுக்குப் பின்னால் வைத்தால் அம்மாவின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். உங்கள் சீட்டுக்குப் பின்னால் வைத்தால் நீங்கள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து ஓட்ட வேண்டும். உங்கள் உயரம் என்ன?

அடுத்தது, இந்தக் கார்களில் குழந்தை சீட்டைப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி பின் சீட்டின் இரண்டு ஓரத்தில்தான் இருக்கும். இரண்டு ஓரத்திலும் குழந்தை சீட் மாட்டிவிட்டால் நடுவில் உங்கள் மனைவி. பிரசவம் ஆன உடம்போடு. ஒரு நாள் நீங்களே நடுவில் உட்கார்ந்து பாருங்கள்.

கல்லாறு தாண்டி:

5 அடி 11. இதை நான் யோசிக்கவே இல்லை. கைக்குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சி அக்கா:

மடியெல்லாம் வேண்டாம் தம்பி. சடன் பிரேக் அடித்தால் எந்த அம்மாவின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. முன் சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும்போது அங்கே பின்பக்கம் பார்க்கிற சீட்டை மாட்டவே கூடாது, அதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

ஒன்று கேட்கிறேன். முதல் பிரசவம் சிசேரியனா? எனக்கு இரண்டும் சிசேரியன். அப்போது எங்களிடம் இருந்தது தாழ்வான செடான், டயர் பட்டையும் மெல்லியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரரும் உங்களை மாதிரித்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டு "பார்த்தியா, வண்டி எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுது" என்பார். ஒன்பதாவது வளைவில் பெரியவன் வாந்தி எடுத்தது அவர் கணக்கில் வராது.

கல்லாறு தாண்டி:

ஆமாம் அக்கா, சிசேரியன்தான். என் மகளுக்குக் குன்னூர் ஏற்றத்தில் வருகிற பர்லியார். தவறாமல் பர்லியாரில்.

கிரீஸ் கை:

மெக்கானிக்காகச் சிலது சொல்கிறேன்.

டிஎஸ்ஜி 7 கியர் என்றால் வர்ட்டஸ் 1.5-இலும் உங்கள் போலோவில் இருக்கிற அதே வகைதான், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் இரண்டு. காற்றுதான் அதைக் குளிர வைக்க வேண்டும். முன்னால் போகிற பஸ்ஸின் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேயும், சூடேறும். ஊட்டி சீசனில் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். இடைவெளி விட்டு நிறுத்துங்கள், இரண்டு கார் நீளம் கிடைத்ததும் ஒரே தடவையாக நகருங்கள். பிரேக்கை நன்றாக அழுத்தி நின்றால் கிளட்ச் விட்டுவிடும். இதைக் கடைப்பிடித்தால் நீண்ட நாள் உழைக்கும். இல்லையென்றால் மேனுவல் எடுங்கள்.

அப்புறம், பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 நினைப்பு வந்தால் (கண்டிப்பாக வரும்): 180 பிஎஸ், 590 லிட்டர் டிக்கி, ஆசையாகத்தான் இருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வயதான கார் வேண்டாம். வண்டியோடு செலவழிக்க ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இருக்காது.

சின்ன காரே போதும்:

ஹூண்டாய் ஐ20 என் லைன், 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் என்பதால் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். நீளமோ சிசியோ அந்த வரம்பைத் தாண்டினால் 40. மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாமே.

ரெண்டு வாண்டு அப்பா:

போலோவிலிருந்து ஐ20-க்குப் போவது, ஒரு அறை வீட்டிலிருந்து பக்கத்து ஒரு அறை வீட்டுக்குக் குடிபோவது மாதிரி. டிக்கி 311 லிட்டர். வரிக் கணக்கு சரிதான், அதோடு தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 10 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு ஒரு வேரியன்ட் மேலே போகும் முன் ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

நான் ஓட்டுவது மூன்று வரிசை கியா காரன்ஸ் 1.5 டர்போ. சிரிக்காதீர்கள். ஹூண்டாய் வெர்னா டர்போவில் இருக்கிற அதே இன்ஜின், 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். எண்ணில் வர்ட்டஸை விட ஒரு பிடி கூடவே. வர்ட்டஸின் நீளம் 4561 மில்லிமீட்டர், காரன்ஸ் 4540. அந்த நீளத்திலேயே வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2780, வர்ட்டஸில் 2651. அந்த 13 சென்டிமீட்டர்தான் அம்மாவின் முழங்காலுக்கும் குழந்தை சீட்டுக்கும் நடுவே பஞ்சாயத்து பண்ணும். தூணுக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்றால் அகலத்தை மட்டும் பாருங்கள்: வர்ட்டஸ் 1752, காரன்ஸ் 1800. உங்கள் போலோ 1682.

வளைவு ராஜா:

காரன்ஸுக்கு 2022இல் குளோபல் என்கேப் கொடுத்தது 3 நட்சத்திரம். ரெண்டு குழந்தையை ஏற்றப் போகிறவரிடம் இதை யார் சொல்வது? வளைவில் அது எப்படிச் சாயும் என்பதையும் சொல்லிவிடுங்கள் ஐயா.

ரெண்டு வாண்டு அப்பா:

மறைக்கவில்லை. 3 நட்சத்திரம் உண்மை. வாங்கும்போது எனக்கும் அது உறுத்தியது, இன்றும் கொஞ்சம் உறுத்துகிறது. குழந்தை சீட்டை ஒழுங்காக மாட்டுகிற இடம் இருப்பதும் பாதுகாப்பில் சேர்த்தி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு அது போதாது என்றால் வர்ட்டஸ்தான்.

சாயும். போலோ மாதிரி வெட்டித் திரும்பாது. ஆனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகத் திருப்பி, நிமிரும்போது அழுத்தினால் அதுவும் ஒரு வித்தைதான். அப்படி ஓட்ட ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் வாந்தி நின்றது.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. ஏழு சீட் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். நடு வரிசையின் இரண்டு ஓரத்திலும் குழந்தை சீட் மாட்டிவிட்டால் அந்த சீட்டை மடக்க முடியாது, மூன்றாவது வரிசைக்கு வழி இல்லை. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கியும் 216 லிட்டர்தான். ஐந்து பேர் கார், பெரிய டிக்கி என்றே கணக்குப் போடுங்கள்.

பொள்ளாச்சி அக்கா:

இங்கே எழுதிக்கொண்டே இருந்தால் ஆகாது தம்பி. சனிக்கிழமை அம்மா, மனைவி, மகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் போங்கள். மகளின் சீட்டைக் கழற்றி எடுத்துப் போங்கள். கைக்குழந்தை சீட்டை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மாட்டிப் பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

கல்லாறு தாண்டி:

போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆபீஸ் நண்பரிடம் கைக்குழந்தை சீட் இரவல் வாங்கினேன். ஷோரூம் பையன் இரண்டு சீட்டோடு ஒரு குடும்பம் இறங்குவதைப் பார்த்து முதலில் முழித்தான், அப்புறம் அவனே மாட்ட உதவினான்.

முதலில் வர்ட்டஸ் 1.5 மேனுவல். அவிநாசி ரோட்டில் ஓட்டினேன். ராஜா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. இரண்டாவது கியரில் அழுத்தியபோது பத்து வயது குறைந்தது. திரும்பி வந்து அம்மாவை முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். இறங்கும்போது கதவையும் என் தோளையும் பிடித்துக்கொண்டு, "கெணத்துலருந்து ஏறுற மாதிரி இருக்குதடா" என்றார். குழந்தை சீட்டை அவருக்குப் பின்னால் மாட்டினோம், முழங்கால் டேஷ்போர்டுக்கு ஒரு சாண்கூட இல்லை. எனக்குப் பின்னால் மாற்றினோம், என் முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் மடங்கியது. இரண்டு சீட்டுக்கும் நடுவே மனைவி ஒரு தோளை முன்னால் தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மகளுக்கு மட்டும் அந்த சிவப்பு நிறம் ரொம்பப் பிடித்தது.

அடுத்து காரன்ஸின் புதிய வடிவமான காரன்ஸ் கிளாவிஸ், 1.5 டர்போ, 6 கியர் மேனுவல். அம்மா யாரையும் பிடிக்காமல் ஏறினார். சீட் அவர் இடுப்பு உயரத்திலேயே இருக்கிறது. குழந்தை சீட் எனக்குப் பின்னால் மாட்டியும் என் கால் நீட்ட இடம் இருந்தது. மகளின் சீட் அகலம் அதிகம், அதனால் நடுவில் இங்கேயும் இடம் இறுக்கம்தான். அப்போது ஷோரூம் பையன் ஒன்று சொன்னான்: மகள் 15 கிலோவைத் தாண்டியதும் ஒல்லியான பூஸ்டர் சீட் ஒன்றுக்கு மாற்றினால் நான்கு விரற்கடை மிச்சமாகும் என்று. மகள் இப்போதே 16. அங்கேயே ஒரு பூஸ்டர் இருந்தது, வைத்துப் பார்த்தோம். மனைவி நேராக உட்கார்ந்தாள். பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓட்டுவதற்கு? இழுவை இருக்கிறது, அதில் குறையே இல்லை. மேம்பாலத்து இறக்கத்தில் திருப்பியபோது உடம்பு சாய்ந்ததை உணர்ந்தேன். கியர் போடும் சுகம் கையில் இருக்கிறது என்பதால் அந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்று தோன்றியது. நட்சத்திர விஷயம் இரண்டு நாள் தூங்க விடவில்லை. ஆனால் வர்ட்டஸ் எடுத்தால் நடைமுறையில் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும்: நடுவில் இடமில்லை என்று ஒரு நாள் ஒரு சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவோம். குழந்தை மடிக்கு வந்துவிடும்.

கிளாவிஸ் டர்போ மேனுவல் புக் பண்ணிவிட்டேன். தூணுக்கும் கதவுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன், ஓட்டுநர் பக்கம் ஒருவர் ஒல்லியாக இறங்கலாம். பின் சீட்டுக்காரர்களைக் கேட்டிலேயே இறக்கிவிட வேண்டும்.

போலோவை விற்க மனசு வரவில்லை. மச்சினன் கேட்டிருக்கிறான், உள்ளூர்தான், மாதம் ஒரு ஞாயிறு காலை எனக்குச் சாவி தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

வளைவு ராஜா:

தோற்றுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஞாயிறு எது என்று சொல்லுங்கள், கல்லாறில் டீ சாப்பிடலாம்.

கிரீஸ் கை:

மச்சினனுக்கு டிஎஸ்ஜி புதுசா? சாவி கொடுப்பதற்கு முன் ஒரு நாள் காந்திபுரம் சிக்னலில் பக்கத்தில் உட்கார்ந்து, இடைவெளி விட்டு நகரக் கற்றுக்கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஞாயிறு என் ஷெட்டில்தான்.