எஸ்பிஐ கார்டு வங்கியா, தனிக் கம்பெனியா? புகாரை எங்கே கொடுப்பது?

முத்துநகர்:
வணக்கம். எஸ்பிஐ கார்டு பற்றி இரண்டு விஷயம் தெரியவேண்டும். கார்டின் மேல் வங்கியின் பெயர் இருக்கிறது. ஆனால் கிளையில் கேட்டால் "அது வேற கம்பெனி" என்று சொல்வதாகப் பலர் எழுதுகிறார்கள். இது எப்போது, யார் ஆரம்பித்த கம்பெனி? வங்கியிலிருந்து எப்போது பிரிந்தது?

அடுத்து, எந்த கார்டு கம்பெனியாக இருந்தாலும் புகார்கள் பெரும்பாலும் லேட் ஃபீ, புரியாத வட்டி, மூடச் சொல்லியும் மூடாத கார்டு என்றுதான் வருகின்றன. இவற்றுக்குப் புகார் கொடுக்கும் சரியான வரிசை என்ன? விதி தெரிந்தவர்கள் தேதி, தொகையோடு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

பழையகணக்கு:
முதல் கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன். வங்கியிலிருந்து பிரிந்து வரவில்லை சார், பிறந்ததே தனியாகத்தான். 1998-ல் பாரத ஸ்டேட் வங்கியும் அமெரிக்காவின் ஜிஇ கேபிடலும் கூட்டாக ஆரம்பித்தன. அதற்கும் முன்னால், 1994-லேயே பேங்க் ஆஃப் பரோடா பாப்கார்ட்ஸ் என்று கார்டுக்கெனத் தனிக் கம்பெனி வைத்தது. ஆக இந்த ஏற்பாடு அன்றைக்குப் புதிதல்ல. பெரும்பாலான வங்கிகள் கார்டைத் தங்களுக்குள்ளேயே ஒரு பிரிவாக வைத்திருந்தன, இவர்கள் தனியாக வைத்தார்கள்.

தொடக்கத்தில் அது ஒரு கம்பெனியும் அல்ல, இரண்டு. கார்டு கொடுக்கும் கம்பெனியில் ஸ்டேட் வங்கிக்கு 60 சதவீதம், ஜிஇக்கு 40. பின்னணி வேலைகளைப் பார்க்க இன்னொரு கம்பெனி, அதில் ஜிஇக்கு 60, வங்கிக்கு 40. பெயர் வங்கியுடையது, வேலைமுறை ஜிஇ கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் ஜிஇ முழுக்க விலகியது. அதன் பங்குகளைக் கொஞ்சம் ஸ்டேட் வங்கியும், மீதியைக் கார்லைல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனமும் வாங்கின. ஸ்டேட் வங்கிக்கு 74, கார்லைலுக்கு 26 என்று ஆனது. பிறகு இரண்டு கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. 2020 மார்ச்சில் பங்கு 755 ரூபாய்க்கு வெளியீடு. கொரோனாவில் சந்தை சரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், மார்ச் 16 அன்று, மும்பைச் சந்தையில் 658-ல் பட்டியலானது. தலைமை அலுவலகம் குருகிராமில்.

புகார் கொடுப்பவர் இதையெல்லாம் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், சட்டப்படி இது வங்கி அல்ல, வங்கியல்லாத நிதி நிறுவனம், அதாவது என்பிஎஃப்சி. உங்கள் சேமிப்புக் கணக்கு ஒரு நிறுவனத்தில், கார்டு கணக்கு இன்னொரு நிறுவனத்தில். கிளை மேலாளரின் கணினியில் உங்கள் கார்டு பில் வராது. அவர் அலட்சியம் செய்கிறார் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஆனால் ஒரு கஷ்டம் இருக்கிறது. கிளையில் கடிதம் கொடுத்து, அதில் முத்திரையும் வாங்கிவந்து, மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கடிதம் கார்டு கம்பெனிக்குக் கொடுத்த புகாராகாது. ரிசர்வ் வங்கியிடம் போகுமுன் கம்பெனியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய 30 நாள் கணக்கு அன்றைக்கு ஆரம்பிக்கவே இல்லை. போன நாட்கள் போனதுதான். இது மூத்த குடிமக்களுக்கு அதிகம் நடக்கிறது. கிளைக்கு நேரில் போய்ச் சொல்வதுதான் அவர்களுக்குப் பழக்கம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

வரவுசெலவு:
"புரியாத வட்டி" என்றீர்களே, அதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். வட்டிப் புகார்கள் பெரும்பாலும் நிராகரிக்கப்படுவதற்குக் காரணம், கம்பெனி போட்டது அச்சிட்ட விதிப்படி சரியாக இருப்பதுதான். எது தப்பு, எது விதிப்படி என்று தெரிந்தால்தான் புகார் நிற்கும்.

மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடம் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 5-ல் 30,000 ரூபாய்க்கு ஒரு பொருள். பில் தேதி ஜூன் 20, கடைசித் தேதி ஜூலை 10. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை, 5 சதவீதம், 1,500. அதை மட்டும் ஜூலை 10-ல் கட்டுகிறீர்கள்.

வட்டி ஜூலை 10-லிருந்து ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லா நாட்கள் அடிபட்டுப் போய்விடும். ஜூன் 5-லிருந்து 35 நாளுக்கு முழு 30,000-க்கும் வட்டி, 1,208 ரூபாய். ஜூலை 10 முதல் அடுத்த பில் தேதியான 20 வரை 28,500-க்கு 10 நாள் வட்டி, 328. கூட்டினால் 1,536. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 277. ஜூலை 20 பில்லில் நிற்பது 28,500 + 1,536 + 277 = 30,313. 1,500 கட்டிய பிறகு கடன் 313 ரூபாய் கூடியிருக்கிறது! இதற்கிடையில் கார்டில் வாங்கிய மளிகைக்கும் பெட்ரோலுக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி தனி. மினிமம் டியூ கட்டுவதால் லேட் ஃபீயும் சிபில் (கடன் வரலாற்றுப் பதிவு) பாதிப்பும் தவிரும். அவ்வளவுதான், வட்டி பெரிதாகக் குறையாது.

சரி, ஆகஸ்ட் 9-ல் 30,313-ஐயும் மொத்தமாகக் கட்டிவிட்டீர்கள். ஆகஸ்ட் 20 பில்லில் மறுபடி 774 ரூபாய் வரும். ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 9 வரையிலான 20 நாளுக்கு, 28,500-க்கு மட்டும் வட்டி போட்டாலே 656, ஜிஎஸ்டி 118. கார்டைக் கைவிட்டவர்கள் மாட்டிக்கொள்வது இந்த வால்வட்டியில்தான். "முழுசும் கட்டியாச்சு" என்று ஆப்பை அழித்துவிடுவார்கள். 774-க்கு லேட் ஃபீ, லேட் ஃபீக்கு ஜிஎஸ்டி என்று ஓடும். அதனால் பாக்கியைத் தீர்த்த பிறகு இன்னும் ஒரு பில் வரும்வரை கணக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உண்மையிலேயே தப்பு எது? கட்டாமல் நிற்கும் கட்டணம், லெவி, வரி ஆகியவற்றை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. லேட் ஃபீயைக் கடைசித் தேதிக்குப் பின் பாக்கி நிற்கும் தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், மொத்த பில்லை வைத்து அல்ல. கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீயே போடலாம். 10-ம் தேதிக்குரிய பணம் 12-ல் சேர்ந்தது என்று லேட் ஃபீ போட்டிருந்தால் தயங்காமல் திரும்பக் கேளுங்கள்.

முத்துநகர்:
மிக்க நன்றி. வருடம் 42 சதவீதம் என்பதே அநியாய வட்டி என்று புகார் கொடுக்க முடியாதா? 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தீர்ப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

சட்டப்படி:
இருந்தது. 2008 ஜூலை 7-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படித் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே "வட்டி விகிதம் அதிகம்" என்ற ஒன்றை மட்டும் வைத்து மனு எழுதாதீர்கள். சொன்ன விகிதத்தை விட்டு வேறு விகிதம் போட்டார்கள், முன்கூட்டியே சொல்லாமல் கட்டணத்தை மாற்றினார்கள் என்றால் அது வேறு. கட்டணம் மாற்ற ஒரு மாத முன்னறிவிப்பு கட்டாயம்.

இனி வரிசைக்கு வருகிறேன். முதல் கட்டம், கார்டு கம்பெனிக்கே எழுத்தில் புகார். போனில் சொன்னால் போதாது. போனில் சொன்னாலும் அந்தப் புகார் எண்ணைப் போட்டு அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் கார்டின் கடைசி நான்கு எண்கள், பில் தேதி, எந்த வரியில் எவ்வளவு தப்பு, என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். "மன உளைச்சல்" என்று மூன்று பக்கம் எழுதி, கேட்கும் தொகையை எழுதாமல் விடுகிறவர்கள் நிறைய. முழு கார்டு எண், சிவிவி, ஓடிபி எதுவும் மின்னஞ்சலில் வரக்கூடாது. பதில் திருப்தியில்லை என்றால் நோடல் அலுவலருக்கும் (புகார்களைக் கவனிக்கக் கம்பெனி நியமித்தவர்), பிறகு முதன்மை நோடல் அலுவலருக்கும் எழுதுங்கள். முகவரிகள் கம்பெனியின் தளத்தில் இருக்கும், அங்கிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண்களில் மோசடிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பில் தவறு என்று ஆட்சேபித்தால் 30 நாளுக்குள் விளக்கமும், தேவையானால் ஆதாரமும் தர வேண்டும். மோசடி என்று நீங்கள் ஆட்சேபித்த பரிவர்த்தனைக்கு, விசாரணை முடியும்வரை எந்தக் கட்டணமும் கூடாது. கட்டாதவர் என்று சிபிலுக்கு அனுப்பும் முன் உங்களுக்கு 7 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

இரண்டாம் கட்டம், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பர் 12-ல் வந்த ஒருங்கிணைந்த திட்டம் இது. அதற்கு முன் வங்கிக்கு ஒன்று, என்பிஎஃப்சிக்கு ஒன்று, டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு ஒன்று என மூன்று தனித்தனித் திட்டங்கள் இருந்தன. எஸ்பிஐ கார்டு போன்ற கம்பெனி எதில் வரும் என்ற குழப்பம் இதோடு தீர்ந்தது. கம்பெனிக்கு எழுதி 30 நாள் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ்-ல் போடலாம். கணினி பழக்கமில்லாதவர் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், விளக்கம் கேட்க 14448 எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துப் போடக்கூடாது. 2021 திட்டத்தில் இழப்பீட்டு உச்சவரம்பு 20 லட்சம், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக 1 லட்சம் வரை.

நிராகரிக்கப்படும் மனுக்களில் அடிக்கடி பார்ப்பது, கம்பெனிக்கு முதலில் எழுதியதற்கான நகல் இல்லாதது. அடுத்தது 30 நாள் முடியுமுன் அவசரப்பட்டுப் போடுவது. "லிமிட்டை ஏன் குறைத்தார்கள்", "எனக்கு ஏன் கார்டு தரவில்லை" என்று கம்பெனியின் வணிக முடிவைக் கேள்வி கேட்பதும் நிற்காது. இதே விஷயம் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். ஆகவே முதலில் குறைதீர்ப்பாளர், அங்கே கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், குருகிராமுக்கு ஓட வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம்.

தென்கரை:
கார்டு மூடுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன். 2022 ஏப்ரல் 21-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்டு ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த விதி இதில் நமக்கு நல்ல ஆயுதம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாண்டினால், மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அது காலண்டர் நாள் கணக்கு, ஞாயிறும் சேரும். "தபாலில் எழுதி அனுப்புங்கள்" என்று வற்புறுத்தக் கூடாது.

"பாக்கி இல்லாத" என்ற சொல்தான் இதில் வழுக்கும் இடம். வரவுசெலவு சொன்ன அந்த 774 ரூபாய் வால்வட்டி நின்றால் 500 ரூபாய் கணக்கே தொடங்காது. முதலில் ரிவார்டு பாயின்ட்டை எடுத்துவிடுங்கள். கார்டில் ஓடும் தானியங்கிக் கட்டணங்களை (ஓடிடி, இன்சூரன்ஸ், மொபைல் பில்) நிறுத்துங்கள். இஎம்ஐ ஓடினால் முன்கூட்டி அடைக்க எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அடுத்த பில் பூஜ்யமாக வரட்டும். அதன் பிறகு மூடக் கோரிக்கை வையுங்கள், எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். "வருடக் கட்டணம் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று அழைப்பு வரும். அதில் "யோசிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடக் கோரிக்கை வாபஸ் என்று பதிந்துவிடும் ஆபத்து உண்டு. "மூடுங்கள்" என்று மட்டும் சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் போடுங்கள்.

கேட்காமலே கார்டு அனுப்பி, கட்டணமும் போட்டிருந்தால் அதைத் திரும்பத் தருவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு தண்டமும் தர வேண்டும். இந்த விதி 2005 நவம்பர் 21 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கார்டு வந்து 30 நாளாகியும் நீங்கள் ஆக்டிவேட் செய்யாவிட்டால், கம்பெனி உங்களிடம் ஓடிபி வாங்கித்தான் ஆக்டிவேட் செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் ஓடிபியைச் சொல்லாதீர்கள், அவர்களாகவே 7 வேலை நாளில் செலவில்லாமல் மூட வேண்டும்.

சட்டப்படி:
தென்கரை சொன்னதோடு சிபிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். "மூடப்பட்டது" என்று இல்லாமல் "செட்டில்டு" என்று இருந்தால் விடாதீர்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர் என்று அதற்குப் பொருள், வீட்டுக் கடனில் இடிக்கும். திருத்தக் கேட்டு 30 நாளில் முடியாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. திருத்தக் கோரிக்கையிலேயே வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், அந்த 100 ரூபாய் வரவு வைக்கத்தான் அது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.