22 நாள் முடிந்தும் பாதி முட்டைகள் பொரியவில்லை, ஓட்டை உடைத்து உதவலாமா?

மாடிக்கூடு:
வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மின்விசிறி உள்ள சின்ன இன்குபேட்டரில் 20 கோழி முட்டைகள் வைத்தேன். 7ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து 3 கூமுட்டைகளை எடுத்துவிட்டேன். மீதி 17. திரையில் வெப்பம் எப்போதும் 37.5 டிகிரிதான். ஈரப்பதம் 18ஆம் நாள் வரை 50 சதவீதம், அதன் பிறகு 65 முதல் 70. 18ஆம் நாளோடு முட்டைகளைத் திருப்புவதையும் நிறுத்திவிட்டேன்.

நேற்றிரவு முதல் இன்று மதியம் வரை 7 குஞ்சுகள் வந்துவிட்டன. ஒரு முட்டையில் காலையில் சின்ன ஓட்டை விழுந்தது, அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. உள்ளே அலகு அசைவது தெரிகிறது. மற்ற 9 முட்டைகளில் சத்தமே இல்லை. ஓட்டை விழுந்த முட்டையை நானே உடைத்துக் குஞ்சை எடுத்துவிடலாமா? பயமாக இருக்கிறது.

அடைக்கோழி:
முதலில் மூடியைத் திறக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். திறந்தால் ஈரப்பதம் சட்டென்று இறங்கும். ஓட்டை விழுந்த முட்டையின் உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதனால் திரும்பவே முடியாது. பொரிந்த 7 குஞ்சுகளும் உள்ளேயே இருக்கட்டும். பொரிவதற்குச் சற்று முன்புதான் மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. அதை வைத்தே 2 நாள் தீனி, தண்ணீர் இல்லாமல் தாங்கும்.

குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற பக்கத்தில் உள்ளே காற்று நிறைந்திருக்கும் காற்றறையைத்தான் அலகால் குத்துகிறது. அங்கேதான் நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும். பிறகு ஓட்டை உடைக்கும். உடைத்ததும் ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில்தான் உள்தோலில் ஓடும் ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது, மீதி மஞ்சள் கருவும் உள்ளே இழுபடுகிறது. வெளியே பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். ஓட்டை விழுந்து 24 மணி நேரம் வரை இப்படி இருப்பது இயல்பே.

ஒன்று கேட்கிறேன். முட்டை வைத்த அன்றே 1 என்று எண்ணினீர்களா? அப்படியென்றால் இன்று 21 நாள்தான் முடிந்திருக்கும், கோழி முட்டை பொரிய வழக்கமாக ஆகும் காலமே அதுதான்.

மாடிக்கூடு:
இல்லை அக்கா, முழுதாக 24 மணி நேரம் முடிந்த பிறகுதான் ஒரு நாள் என்று எண்ணினேன்.

வெள்ளைச்சேவல்:
நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன். 24 மணி நேரம் தாண்டினால் காத்திருப்பதில் பயனில்லை. வெளியே வரத் திணறியே செத்த குஞ்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விழுந்த துளையைச் சுற்றி மெதுவாக முட்டையோட்டைப் பெயர்த்து வழி செய்து கொடுங்கள்.

அடைக்கோழி:
சகோதரரே, கடிகாரத்தை விட உள்தோலைப் பார்த்து முடிவெடுப்பதுதான் நல்லது. மாடிக்கூடு, கண்ணாடி வழியாகவே டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டை விளிம்பில் தெரியும் தோல் வெள்ளையாக, ஈரமாக இருந்தால் காத்திருங்கள். பழுப்பு மஞ்சளாகித் தோல் பதனிட்டது போல விறைத்திருந்தால்தான் குஞ்சு மாட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்தத் தோலை ஈரப்படுத்துங்கள், அலகில் நீர் படக்கூடாது. முட்டையோட்டைத் துண்டு துண்டாக எடுங்கள். தோலில் ஒரு சிவப்பு நரம்பு தெரிந்தாலும் அங்கேயே நிறுத்தி முட்டையை உள்ளே வைத்துவிடுங்கள். நரம்பு இருக்கும்போது கிழித்தால் ரத்தம் போயே குஞ்சு செத்துவிடும்.

அலகை எதையோ மெல்வது போல அசைக்கிறதா? அப்படியென்றால் இன்னும் மஞ்சள் கரு முழுதாக உள்ளே போகவில்லை. தொடவே வேண்டாம்.

மாடிக்கூடு:
தோல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மெல்வது போலத்தான் அசைக்கிறது. சரி, காத்திருக்கிறேன்.

மாடிக்கூடு (மறுநாள் மாலை):
தானாகவே வந்துவிட்டது! விடியற்காலையில் ஓட்டைச் சுற்றிலும் ஒரு வளையம் போல வெட்டிக்கொண்டே வந்து, காலால் உதைத்து மூடியைத் தள்ளியது. அதன் பிறகு சத்தமில்லாமல் இருந்த 9 முட்டைகளில் இரண்டும் பொரிந்தன. ஆக மொத்தம் 10 குஞ்சுகள். எல்லாவற்றையும் 35 டிகிரி வெப்பமுள்ள பெட்டிக்கு மாற்றிவிட்டேன், விளக்கடியில் பரவலாகப் படுத்திருக்கின்றன.

மீதி 7 முட்டைகள் ஏன் போயின என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடைக்கோழி:
மிக்க மகிழ்ச்சி. பரவலாகப் படுத்திருந்தால் வெப்பம் சரி. விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறையுங்கள்.

அந்த 7 முட்டைகளையும் டார்ச் அடித்து, அசைவே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காற்றறைப் பக்கமாக உடைத்துப் பாருங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் அதற்குள்தான் இருக்கிறது. குஞ்சு எந்த அளவு வளர்ந்திருக்கிறது, தலை எந்தப் பக்கம், மஞ்சள் கரு வெளியே இருக்கிறதா, அலகு காற்றறைக்குள் போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

மாடிக்கூடு:
பார்த்துவிட்டேன். ஒன்றில் ரத்த வளையம் மட்டும், குஞ்சே உருவாகவில்லை. ஒன்றில் முழுக்குஞ்சு, ஆனால் தலை கூரான பக்கம் இருந்தது. மற்ற 5 முட்டைகளிலும் இறகோடு முழுதாக வளர்ந்த குஞ்சுகள், மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்கு வெளியே. அலகு காற்றறைக்குள் போகவில்லை. 18ஆம் நாள் பார்த்தபோது காற்றறை முட்டையில் கால் பங்குக்கு மேல் இருந்தது.

அடைக்கோழி:
அப்படியானால் ஈரப்பதத்தைக் குறை சொல்ல முடியாது. ஈரம் மிஞ்சியிருந்தால் காற்றறை சிறுத்திருக்கும். ரத்த வளையம் முதல் வாரச் சாவு, எல்லா அடையிலும் ஒன்றிரண்டு வரும். தலை மாறியிருந்தது தனிக்கதை, வைக்கும்போது கூரான பக்கம் மேலே இருந்தாலும் அப்படி ஆகும். ஆனால் அந்த 5 குஞ்சுகளும் வளர்ச்சியில் பின்தங்கியவை. முதல் குஞ்சே 21 நாள் தாண்டித்தான் வந்தது. எனக்கு வெப்பத்தின் மேல்தான் சந்தேகம். திரையில் 37.5 காட்டினாலும் முட்டைக்கு அது கிடைத்திருக்காது. அரை டிகிரி குறைந்தாலே பொரிப்பு ஒரு நாள் வரை தள்ளிப்போகலாம்.

கொல்லைப்புறம்:
நானும் அதைத்தான் எழுத வந்தேன். திரையை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். நீளக் கம்பி உணரி உள்ள தனி வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பையில் கைபொறுக்கும் வெந்நீர் எடுத்து, அந்த உணரியையும் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் ஒன்றாக விடுங்கள். 37 அல்லது 38 டிகிரி அளவில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வெப்பமானி அந்த எல்லைக்கென்றே செய்யப்பட்டது, அதை நம்பலாம். பிறகு உணரியை இன்குபேட்டரில் முட்டையின் உயரத்தில் வைத்து, மூடி, அரை நாள் ஓடவிட்டுப் பாருங்கள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

மாடிக்கூடு:
அண்ணா, நடுவில் 36.9, கதவோரத்து மூலையில் 36.6. திரையில் மட்டும் 37.5! சாகாமல் பொரிந்ததே பெரிய விஷயம் போலிருக்கிறது.

இனி எப்படி வைக்கட்டும்? அக்கம்பக்கத்தில் எல்லோரும் கோழி வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள், குஞ்சு வாங்க வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அடுத்த முறை தங்களுக்கும் பொரித்துத் தரச் சொல்கிறார்கள்.

கொல்லைப்புறம்:
திரையில் திருத்தும் வசதி இருந்தால் 0.6 குறைத்துக் காட்டும்படி மாற்றுங்கள். இல்லையென்றால் 38.1 என்று வைத்து, உள்ளே உண்மையில் 37.5 வருகிறதா என்று தனி வெப்பமானியில் பாருங்கள். மூலை முட்டைகளையும் நடு முட்டைகளையும் திருப்பும்போதே இடம் மாற்றுங்கள்.

பக்கத்து வீட்டாருக்கு இத்தனை பெட்டைக்குஞ்சு என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும், பெரும்பாலான இனங்களில் பிறந்த அன்றே பிரித்துச் சொல்லவும் முடியாது. சேவல்களை யார் எடுத்துக்கொள்வது என்பதை முட்டை வைப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தாய்க்கோழியின் சில நோய்கள் முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும், அதனால் நலமாக இருக்கிற, உங்களுக்குத் தெரிந்த மந்தையின் முட்டைகளாகப் பாருங்கள்.

வெள்ளைச்சேவல்:
முட்டை 7 நாளுக்கு மேல் பழையதாக வேண்டாம். கழுவவும் வேண்டாம், மேலே இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி எளிதாக உள்ளே புகும். அழுக்கு முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

மாடிக்கூடு:
சரி, இரண்டு நாள் வெப்பம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே புதிய முட்டைகளை வைக்கிறேன். மூலையில் வைத்தவற்றுக்குப் பென்சிலால் குறியிட்டு, 7ஆம் நாள் நரம்பு எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுகிறேன்.