1910களில் விமானி ஆகிறது எப்படி? என்ஜினுக்கு ஆமணக்கெண்ணெயோ?

கிளிநொச்சி:
பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆரம்பகால விமானிகளைப் பற்றி ஒரு பலகை செய்யிறம். அப்ப லைசென்ஸுக்கு என்ன சோதனை? என்ஜினுக்கு ஆமணக்கெண்ணெய் விட்டவையாம், உண்மையோ?

மாங்குளம்:
உண்மைதான். அப்ப கன விமானங்களில இருந்த நோம் எண்ட ரோட்டரி (சுத்துற) என்ஜினில கிராங்க்சாஃப்ட் (நடுத்தண்டு) விமானத்தோட பூட்டிக் கிடக்கும். சிலிண்டர்கள் புரொப்பெல்லரோட சேர்ந்து நிமிசத்துக்கு 1200 தரம் மட்டில சுத்தும். லான்ட்மாஸ்டரின்ர (ரெண்டு சில்லு உழவு மெசின்) ஃப்ளைவீல் அசையாமல் நிக்க, என்ஜின் சுத்துறதை நினைச்சுப் பாருங்கோ. பெற்றோலும் காத்தும் அந்தத் தண்டைச் சுத்தியிருக்கிற கிராங்க்கேஸ் எண்ட கூட்டுக்குள்ளாலதான் போகும். மற்ற ஒயிலைப் பெற்றோல் கழுவிப்போடும், ஆமணக்கெண்ணெய் அதில கரையாது. விட்ட எண்ணெய் திரும்பி வராது, வெளியால சிதறி விமானியின்ர முகத்திலயும் விழும். விழுங்கினால் வயித்தாலை போகும், அம்மாச்சிமார் பேதிக்குத் தந்த அதே சாமான்தானே.

இறங்கேக்க வேகத்தைக் குறைக்க என்ஜினின்ர தீப்பொறியை நிப்பாட்டிற இக்னிஷன் பட்டனை அமத்தி அமத்தி விடுவினம். கனநேரம் அமத்தினால் எரியாத பெற்றோல் என்ஜின் மூடிக்குள்ள தேங்கும், பட்டனை விட்டதும் நெருப்புப் பத்தும்.

வவுனியா:
லைசென்ஸ்: இங்கிலாந்தில றோயல் ஏரோ கிளப் 1910இல குடுக்கத் தொடங்கினது. 1911 விதிப்படி எட்டுப்போட்டு 5 கிலோமீற்றர் ரெண்டு தரம் பறக்கவேணும், 50 மீற்றர் உயரம் ஏறவேணும். இறங்கேக்க என்ஜினை நிப்பாட்டி, குறிச்ச இடத்திலயிருந்து 50 மீற்றருக்குள்ள நிக்கவேணும். பழகிறவை காசு கட்டித்தான் பழகினவை. 1912இல பிரித்தானிய ராணுவத்தின்ர விமானப் பிரிவான றோயல் ஃப்ளையிங் கோர் தொடங்கினாப் பிறகு, அதில சேர்ந்த அதிகாரிமாருக்கு அந்தச் செலவில 75 பவுண் திருப்பிக் குடுத்தவை.

பிரான்சில முதல்ல சிறகு வெட்டின 'பென்குயின்' விமானத்திலதான் விடுவினம். அது எழும்பாது, தரையில நேரா ஓட்டப் பழகினால் போதும். அதுவே லேசில்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

கிளிநொச்சி:
நன்றி. சுத்துற என்ஜினால திரும்பேக்க கரைச்சல் இல்லையோ?

மாங்குளம்:
இருக்கு. முதலாம் உலகப்போரில பறந்த சொப்வித் கேமல் எண்ட ரோட்டரி என்ஜின் சண்டை விமானம் வலப்பக்கம் திரும்பேக்க மூக்கைக் கீழ போடும், இடப்பக்கம் எண்டால் மேல தூக்கும். ரெண்டுக்கும் இடது றடர்தான் (வாலில இருக்கிற திருப்புற பலகை) குடுக்கவேணும். ஆனா பழகிறவையைக் கூடுதலாச் சாகடிச்சது கிளம்பினாப் பிறகு பெற்றோலைக் குறைக்க மறக்கிறது. என்ஜின் திணறும், டாங்கி நிறைய, வால் பாரம், விமானம் சுழண்டு விழும்.

வவுனியா:
பலகையில 'எல்லா என்ஜினும் சுத்தும்' எண்டு எழுதிப்போடாதேங்கோ. 1909 யூலை 25இல ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிரெஞ்சு விமானி பிளேரியோவின்ர 25 குதிரைவலு அன்சானி என்ஜின் மூண்டு சிலிண்டர், அந்தச் சிலிண்டர்கள் சுத்தாது. அதுக்குச் சூடேறுறதுதான் வருத்தம்.